வாலைச் சுருட்டி உட்கார்ந்த குரங்குக்குத் திமிரா?

போன ஞாயிறு சங்கராபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஊர்க் கடைசித் தெருக் கோயில் திருவிழா. பட்டிமன்றம். நடுவர் அடியேன். தூது போன குரங்கு, ராஜா சபையில் வாலைச் சுருட்டி, சிம்மாசனத்தைவிட உயரமாக உட்கார்ந்ததே... அது கர்வமா, கடமையா?

எந்தக் குரங்கு என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். தெரியும்.

ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். தீர்ப்பை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போகிற நடுவர்கள் உண்டு. நானும் ‘கர்வம் பாதி, கடமை பாதி’ என்று வழவழா கொழகொழாவாக ஒன்றைத் தயாரித்துக்கொண்டுதான் போயிருந்தேன். மேஜையில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்திருந்தார்கள். வெயிலில் வந்த களைப்பு. மடக் மடக்கென்று குடித்துவிட்டு ஆரம்பித்தேன்.

கர்வம் என்ற அணிக்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பிளந்து கட்டினார். தூது போனால் சேதியைச் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டியதுதானே? ஆசனம் தராவிட்டால் என்ன, நின்றால் குறைந்தா போய்விடும்? வீம்புக்கு உட்கார்ந்ததால்தான் வாலில் நெருப்பு வைத்தார்கள் என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை. எனக்கே மனசு அந்தப் பக்கம் சாய்ந்தது.

எதிரணியில் அமுதா. அதே தெருக்காரர், கரும்பு வெட்டப் போகிறவர். மைக் பிடிப்பது முதல் தடவை. குரங்கைப் பற்றி அவர் பேசவே இல்லை!

கண்ணெதிரே கல்வராயன் மலை... ஆனாலும் அந்தத் தெருவில் குடிநீர்க் குழாய் கிடையாதாம். பெண்கள் எல்லாரும் மனு எழுதி அமுதாவிடம் கொடுத்து அனுப்புவார்களாம். ஆபீசில் வாசலோரமாக நிற்க வைத்தே, பார்க்கலாம் போ என்று திருப்பி அனுப்பிவிடுவார்களாம். ஒருநாள் வீட்டிலிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். நேரே அதிகாரியின் மேஜைக்கு எதிரில் அதைப் போட்டு — உட்கார்ந்துவிட்டார்.

“இன்னாமா, இவ்ளோ திமிரான்னு கேட்டாங்க. எனக்காவ உக்காரலிங்க, என்னை அனுப்பிச்சது எங்க தெருவு, நான் நின்னா எங்க தெருவே நிக்கற மாதிரின்னேன்.”

ஆசிரியர் விடவில்லை. அப்படியானால் வாலில் நெருப்பு வைத்தார்களா என்று மடக்கினார்.

“வெச்சாங்க சார். மனுவக் காணோம்னாங்க. இன்னொண்ணு எழுதிக்கினு, அதே ஸ்டூலத் தூக்கிக்கினு போனேன்.”

விசில் பறந்தது. எனக்கு மட்டும் படபடப்பு. எல்லாம் சரி... குழாய் வந்ததா, இல்லையா? நடுவர் என்பதையே மறந்து கேட்டுவிட்டேன்.

அமுதா என் மேஜையைப் பார்த்தார்.

“வந்ததும் சொம்புல குடிச்சிங்களே சார்... அது இன்னா தண்ணின்னு நெனச்சிங்க?”

தெருவே எழுந்து நின்று தட்டியது. முதலில் எழுந்தவர் யார் தெரியுமா? தமிழாசிரியர்தான்! கொண்டுபோன தீர்ப்பைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

தன் பெருமைக்காக உட்கார்ந்தால் கர்வம். அனுப்பியவர்களின் மானத்துக்காக உட்கார்ந்தால் கடமை. குரங்குக்கு முழு விடுதலை என்று சொல்லிவிட்டு, சொம்பில் மிச்சமிருந்ததையும் குடித்தேன். இனித்தது.

நாளைக்கு பேங்கில் எனக்கு ஒரு வேலை. நானும் ஸ்டூலோடுதான் போகப்போகிறேன்... என்னை யாரும் அனுப்பவில்லை என்பதால், அது மட்டும் சுத்தமான கர்வம்!