ஓரத்தில் நீலம்

வளைகுடா நாட்டு நகரமான சலாலாவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகம். அங்கே கிருமி வளர்த்து முடித்த வட்டத் தட்டுகளை நீராவியில் அவித்துக் குப்பையில் சேர்ப்பது சேதுபதியின் வேலை. பரமக்குடிப் பக்கத்துக்காரர். முன்பு புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பெயின்ட் அடித்தவர். முழங்கால் வலியால் ஏணி ஏற முடியாமல் போகவே, கான்ட்ராக்ட் கம்பெனி அவரைத் துப்புரவுப் பணிக்கு அனுப்பிவிட்டது.

அந்த ஆய்வகத்தில் நஸீஹா என்றொரு பெண் இருந்தாள். பூர்வீகம் கீழக்கரை, வளர்ந்தது வளைகுடாவிலேயே, கராமாவில். மலையடிவார மண்ணிலிருந்து அவள் பிரித்தெடுத்த பாக்டீரியாவின் மரபணுவில் ஆன்டிபயாடிக் செய்வதற்கான வழி எழுதியிருந்தது. ஆனால் அது எட்டு மாதமாக வெள்ளையாகப் படர்ந்து கிடந்ததே தவிர, மருந்து சுரக்கவில்லை. காலையில் தட்டைத் திறக்கும்போது அவள் முகம் வாடுவதைச் சேதுபதி பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு வியாழக்கிழமை, அவள் லீவில் இருந்தாள். அவிக்க வேண்டிய அவளுடைய தட்டுகளில் ஒன்றை அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எங்கிருந்தோ விழுந்த வேறொரு கிருமி அதில் பழுப்பாய் முளைத்திருந்தது. அதை ஒட்டிய பக்கம் மட்டும் வெள்ளையின் ஓரம் நீலமாகியிருந்தது.

ஆய்வகப் பொறுப்பாளர் ராஜீவ் எட்டிப் பார்த்தார். "சேது பாய், அது கெட்டுப்போன பிளேட். கலாஸ், முடிஞ்சுபோச்சு, அவிச்சிருங்க."

சேதுபதி தலையாட்டினார். ஆனால் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, குளிர்பெட்டியின் அடியடுக்கில் வைத்துவிட்டார். விதிப்படி தப்பு. வேலைக்கே உலை வைக்கலாம். வார விடுமுறையான வெள்ளியும் சனியும் அதே நினைப்பில் போயின.

ஞாயிறு காலை நஸீஹா பையைக்கூட இறக்கியிருக்க மாட்டாள், தட்டோடு போய் நின்றார்.

"கோவிச்சுக்காதீக மேடம். இதுல ஓரமா நீலம் தெரியுது. ஒரு பெயின்ட் இன்னொண்ணுல கசிஞ்சா வேற மாதிரி இருக்கும். இது வெள்ளைக்கு உள்ளேயிருந்தே வந்த கலரு."

அவள் தட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, அவரையும் உட்காரச் சொன்னாள்.

"அண்ணே, இந்த நீலம்தான் நான் தேடுற மருந்தா இருக்கணும். இந்தக் கிருமிங்க சின்னதா ஒரு மூலக்கூறை வெளியே விடும். அது போதுமான அளவு சேர்ந்தாத்தான் மருந்து செய்யவே ஆரம்பிக்கும். என்னோடது அதைச் செய்யலைன்னு நினைக்கிறேன். பக்கத்துல விழுந்தது செஞ்சு குடுத்திருக்கு."

"அப்ப அந்தப் பழுப்பு நல்லதா?"

"ரொம்ப நல்லதுண்ணே."

பழுப்புக் கிருமியைத் தனியே வளர்த்து, அதன் சாற்றில் ஒரு சொட்டை வெள்ளையின் மேல் விட்டாள். மூன்றாம் நாள் நீலம் பூத்தது. நீலத்தைச் சுற்றி, சோதனைக்காகத் தூவிய கிருமி எதுவும் முளைக்கவில்லை. ஆறு மாதம் போனது. அந்த ஆன்டிபயாடிக் உலகம் ஏற்கெனவே அறிந்ததுதான் என்று தெரிந்ததும் அவள் ஒருநாள் முழுக்கச் சோர்ந்து கிடந்தாள். ஆனால் அதைத் தூண்டிவிட்ட மூலக்கூறு அதுவரை யாரும் காணாதது.

அவளுடைய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோது, நன்றிப் பகுதியில் சேதுபதியின் பெயர் முதலில் இருந்தது. படமெடுத்து மனைவி பஞ்சவர்ணத்துக்கு அனுப்பினார்.

"இங்கிலீசுல இருக்கு. என்னதான் செஞ்சீக?" என்று போனில் கேட்டாள் அவள்.

விளக்கி முடிக்க அரைமணி நேரமானது. அவள் கடைசிவரை கேட்டாள்.

மறுவாரம் ராஜீவ் கெட்டுப்போன தட்டுகளுக்காகக் குளிர்பெட்டியில் ஓர் அடுக்கைக் காலிசெய்து, சேதுபதியைக் கூப்பிட்டுக் காட்டினார். அதில் 'சேது பாய் பார்த்த பிறகே அவிக்கவும்' என்று சீட்டு ஒட்டியிருந்தது.