பதினேழாம் நம்பருக்கு முதல் பொட்டு

சாரம் என்ற பகுதியில் நான் கணினி ஆசிரியராகச் சேர்ந்த தொழில்நுட்பப் பள்ளியில், ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்ட அட்டெண்டர் அம்மா புடவைக்கு மேல் நீலச் சட்டை போட்டிருப்பார். கையில் எப்போதும் ஒரு பழந்துணி. நின்று பேசும்போதுகூட ஏதாவதொரு கீபோர்டைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

ஆயுத பூஜைக்கு எல்லாக் கணினிகளுக்கும் பொட்டு வைத்தார். முதல் பொட்டு, ரிப்பேரானது என்று நான் கழிவுப் பட்டியலில் எழுதியிருந்த பதினேழாம் நம்பருக்கு.

“அது ஓடவே ஓடாதேம்மா” என்றேன்.

“ஓடுறத தொட்டா நீங்க திட்டுறீங்க சார். இதத்தான் புள்ளைங்க கழட்டிப் பாக்குதுங்க” என்றார், துடைப்பதை நிறுத்தாமல்.

அன்றே கழிவுப் பட்டியலிலிருந்து அந்த எண்ணை அடித்து நீக்கிவிட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை ‘தொடாதே’ என்கிறேன் என்பது அதுவரை என் காதிலேயே விழுந்ததில்லை.