மைனாப் பேன்

கோலாலம்பூருக்குப் பக்கத்தில், ஷா ஆலமில் ஒரு கால்நடைப் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. பூனையின் காதிலிருந்தும் கோழியின் இறகிலிருந்தும் சுரண்டி அனுப்பும் அழுக்கை நுண்ணோக்கியில் வைத்து, அதில் என்ன பேன் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பேன் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். தலையில் ஊறும் பேனுக்கு ஆறு கால். இவற்றுக்கு எட்டு, சிலந்திக்கும் உண்ணிக்கும் சொந்தக்காரர்கள். வருடக்கணக்காக இதையே பார்த்ததில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. எவர் சொறிந்தாலும் காரணம் சொல்லிவிடுவேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் முடி வெட்டிக்கொள்ளும் கடையிலும் அதுதான் நடந்தது. எனக்கு வழக்கமாக வெட்டுபவர் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். முப்பது வயதிருக்கும். ஒரு சனிக்கிழமை, பாதி வெட்டும்போது கத்தரியைக் கீழே வைத்துவிட்டு முழங்கைக்கு மேல் சொறிந்தார். சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், கண்ணாடியில் பார்த்தபடியே, "தம்பி, இது குடிஸ் மாதிரி தெரியுது. தொத்திக்கும். கிளினிக் போ" என்றேன். சிரங்குக்கு மலாயில் அந்தப் பெயர். இந்த ஊரில் அது தெரியாதவர் கிடையாது. பெஞ்சில் காத்திருந்தவர்களில் ஒருவர், போன் வந்ததுபோல் எழுந்து வெளியே போனார். திரும்பி வரவில்லை. நான் மட்டும் ஏதோ நல்லது செய்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து, கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்குப் போகுமுன் மீசையை ஒதுக்கலாம் என்று போனேன். என் நாற்காலிக்குப் பின்னால் வேறு ஆள் நின்றார். முதலாளி என்னைப் பார்த்ததும் கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

"நல்லவேள நீங்க சொன்னீங்க சார். நமக்கு எங்க தெரியுது? கிரீம் ரெண்டு தடவ பூசிட்டான், இன்னும் சொறியிறான். அவன் கைய பாத்தாலே கஸ்டமர் எழுந்து போறாங்க லா. அடுத்த மாசம் பெர்மிட் முடியுது. திரும்ப போடல, ஊருக்கு அனுப்பிடறேன்."

எனக்கு வெட்டுபவர் கடையின் பின்பக்கம் மஞ்சள் ரப்பர் கையுறை போட்டுத் துண்டுகளை அலசிக்கொண்டிருந்தார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "வாங்கண்ணே" என்று சிரித்தார்.

"கையக் காட்டு தம்பி."

முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அது. சிரங்குப் பூச்சி தோலுக்குள் சுரங்கம் தோண்டிக் குடியிருப்பது. விரல் இடுக்கும் மணிக்கட்டும் அதற்குப் பிடித்த இடங்கள். அவருடைய விரல் இடுக்குகள் சுத்தமாக இருந்தன. தடிப்பெல்லாம் மேல்கையிலும் கழுத்திலும் இடுப்பிலும்.

"எங்க படுக்கற?"

"கடைக்கு மேலதாண்ணே. ஜன்னலோரம்."

மாடி ஏறிப் பார்த்தேன். மெத்தைக்கு நேர் மேலே, பழைய ஏர்கோன் குழாய்க்காகத் துளைத்த ஓட்டை. வைக்கோலும் பிளாஸ்டிக் நாரும் அடைத்துக் கிடந்தன.

"மைனா கூடு வச்சிருந்துச்சுண்ணே. மூணு குஞ்சு. பறந்து போயி மூணு வாரம் ஆவுது."

"அரிப்பு?"

கொஞ்சம் யோசித்தார். "அதுக்கப்பறந்தாண்ணே."

ஜன்னல் விளிம்பில் மிளகுத்தூள் போல் ஏதோ நகர்ந்தது. செலோடேப்பை ஒட்டி எடுத்தேன்.

திங்கட்கிழமை நுண்ணோக்கியில் வைத்தபோது, சிரங்குப் பூச்சியின் உருண்டை உடம்பும் குட்டைக் கால்களும் அங்கே இல்லை. நீளக் கால்கள், ஓடித் திரியும் ஜாதி. முதுகுத் தகட்டின் வடிவத்தையும் அதிலுள்ள மயிர்களையும் வைத்து இனம் பிரிக்க வேண்டும். இரண்டு முறை எண்ணினேன். பறவைப் பேன்தான். ஒரே பறவையின் உடம்பில் இறகின் மேல் ஒரு வகை, இறகின் தண்டுக்குள் ஒரு வகை, மூக்குக்குள் இன்னொரு வகை என்று இவை வாழும். நம் முகத்து மயிர்க்கால்களிலும் குடியிருப்பவை உண்டு, வளர்ந்தவர்கள் அநேகமாக எல்லோருக்கும். பெஞ்சிலிருந்து எழுந்து போனாரே, அவருக்கும்தான். மைனாவின் பேன் மைனா போய்விட்டால் பசியில் மனிதனைக் கடிக்கும். ஆனால் நம் மேல் குடும்பம் நடத்த அதற்கு வராது. முடி வெட்டுபவர் தொட்டு யாருக்கும் எதுவும் ஒட்டப்போவதில்லை. அத்தனையையும் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

முதலாளி நல்ல மனிதர். அன்றே கூட்டை எடுக்கச் சொன்னார், மெத்தையைத் தூக்கிப் போட்டார், அறையைக் கழுவ ஆள் விட்டார். ஆனால் நான் எழுதியதைப் படித்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"நான் நம்புறேன் சார். கஸ்டமர் இதெல்லாம் படிக்க மாட்டான். ஆளுங்க இருக்கும்போதுதானே சொன்னீங்க? ஆளுங்க இருக்கும்போதே வந்து அவன்கிட்ட ஒக்காருங்க. அப்பறம் பெர்மிட்ட பேசலாம்."

ஞாயிறு காலை பெஞ்சு நிறைந்திருந்தது. "நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. இது குடிஸ் இல்ல, மைனா பேன். யாருக்கும் தொத்தாது" என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். யாரோ சிரித்தார்கள். அவர் கையுறையைக் கழற்றினார். துணியை என் கழுத்தைச் சுற்றிக் கட்டினார். விரல் என் பிடரியில் பட்டது.

என் தோள் தானாகத் தூக்கிக்கொண்டது. நான் தூக்கவில்லை. எல்லாம் தெரிந்த என் உடம்பு, அந்த விரலைக் கண்டு ஒதுங்கியது. பெஞ்சுக்குத் தெரிந்திருக்காது. கண்ணாடியில் அவருக்குத் தெரிந்தது. கையை எடுத்துக்கொண்டு, குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "பயமா இருந்தா கிளவுஸ் போட்டுக்கறேண்ணே" என்றார்.

இவ்வளவு வெட்கம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. அவர் கையைப் பிடித்து, தடிப்பு ஆறாத அதே கையை, என் பிடரியில் வைத்தேன்.

"பயமாத்தான் இருக்கு தம்பி. நீ வெட்டு."

அவர் வெட்டினார். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார். நான் எழுந்ததும் நாற்காலி கொஞ்ச நேரம் காலியாக நின்றது. பெஞ்சில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு தாடிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதலாளி கல்லாவிலிருந்து நிமிரவே இல்லை.

"டேய், பெர்மிட் போடணும், நாளைக்கு பாஸ்போர்ட்ட எடுத்துட்டு வா லா" என்றார்.