அரைக் கட்டிச் சர்க்கரை கரையும் நேரம்

இயக்குநர் ஆல்மார்க்கை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்களாம். படப்பிடிப்பு விளக்குக்கார இங்வேயின் மனைவி மீன்கடையில் கேட்டு வந்த பேச்சு. கோத்தன்பர்க் கொட்டகையில் அவருடைய புதுப் படத்தைப் போட்டபோது ஒருவர்கூடச் சிரிக்கவில்லையாம். இருமல் சத்தம்தானாம்.

"மனுசன் பாணியே செத்துப்போச்சுன்னு முதலாளி சொல்றாராம். இன்னைக்குப் பன்னிரண்டு மணிக்கு விலகல் கடிதத்துல கையெழுத்துப் போடணுமாம்க்கா," என்றான் இங்வே.

டெக்லா நூர்லிங் கத்தரியைக் கீழே வைக்கவில்லை. தையல் வேலைக்கென்று ஸ்டாக்ஹோம் வந்தவள்; விரல் நேர்த்தியைப் பார்த்து, படச்சுருளை வெட்டி ஒட்டும் மேசையில் உட்கார்த்திவிட்டார்கள். ஏழு வருடப் பசை நெடியில் கண் சிவந்து, கழுத்தும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே போய்விட்டது.

ஆல்மார்க்கின் படங்களில் யாரும் வழுக்கி விழுவதில்லை, துரத்தல் கிடையாது. மனைவி ஒரு வார்த்தை சொல்வாள், கணவன் முழிப்பான். அந்த முழியில் கைவைக்க விடமாட்டார். "சிரிப்பு பேச்சுல இல்லம்மா, அதுக்கப்புறம் முழிக்கிறான் பாரு, அதுலதான் இருக்கு." அந்த முழியை எவ்வளவு நேரம் விடுவது என்று அவள் கேட்டதற்கு, சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக் காப்பியை உறிஞ்சிக் காட்டினார். கட்டி கரைந்ததும் வெட்டு. அன்று முதல் அதுதான் அவள் கடிகாரம்.

"நீங்களாச்சும் அந்த முழியைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்," என்றான் இங்வே.

"எதுக்கு? எப்பவும் விடற அளவுதான்." அலுப்போடு காப்பியை எடுத்து, கட்டியைப் பல்லில் கடித்தாள்.

"அடேயப்பா, முழுக் கட்டி! மகாராணிதான் போங்க. சர்க்கரைப் பங்கீடு போயி இத்தனை மாசமாச்சு, எங்க வீட்டுக்காரி இன்னமும் பாதியா உடைச்சுத்தான் தர்றா."

டெக்லாவின் வாயில் காப்பி நின்றது. ஆல்மார்க் செய்து காட்டியது சர்க்கரையை அளந்து கொடுத்த பங்கீட்டு அட்டைக் காலத்தில். அன்று அவர் பல்லில் இருந்தது அரைக் கட்டி. இந்தப் படத்தில்தான் அவள் முதல்முறையாக முழுக் கட்டியை வைத்து அளந்திருக்கிறாள். ஒவ்வொரு முழியும் இரண்டு மடங்கு. பாணி சாகவில்லை, அவள்தான் இழுத்துக் கொன்றிருக்கிறாள்.

கையெழுத்துப் போட அவர் வீட்டிலிருந்து கிளம்புமுன் சொல்லிவிட வேண்டும் என்று கூடத்துத் தொலைபேசிக்கு ஓடினாள். மணி பதினொன்றே முக்கால்.

"மணி அடிக்குதுங்க, ஆனா அவர் வீட்ல யாரும் எடுக்கலை," என்றாள் இணைப்பகத்துப் பெண். "வச்சிடட்டுங்களா?"

"வேண்டாம்மா. அடிக்கட்டும்."

சுவரில் சாய்ந்துகொண்டாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.