ஒரு தடவைதான் சொல்லுவார்

கொள்ளிடக் கரையில் நாய் பழக்குகிற மாஸ்டரை எதிர்வீட்டுக்காரர்தான் கூட்டிவந்தார். நரைத்த கிராப்பு, சட்டைப்பையில் பிஸ்கட் துண்டுகள். எந்த வார்த்தையையும் ஒரு தடவைதான் சொல்லுவாராம்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது என் கணவர், "இரு, வந்துடறேன்" என்று சொன்ன இடத்திலேயே, கேட்டருகில், எங்கள் நாய் உட்கார்ந்திருந்தது. அவர் உயிரோடு திரும்பவில்லை; பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் அது நகரவில்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருன்னு சொல்லிட்டா, விடுற வார்த்தை வர்ற வரைக்கும் எந்திரிக்காதும்மா. சார் என்ன சொல்லி விடுவாரு?"

"போதும்னு சொல்லுவார்."

மாஸ்டர் நாயிடம் குனிந்து, "போதும்" என்றார். அது எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு உள்ளே போனது.

கேட்டைச் சாத்தும்போது மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "போதும்மா" என்றார்.

நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.