பதினேழாம் பெட்டியின் முழங்கால் சில்லு

எனக்கு அவள் மேல் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், நான் அவளைப் பற்றிச் சொல்லப்போவதை நீங்களே கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

எங்களுடையது மருத்துவப் பல்கலைக்கழக நூலகம். கீழ்த்தளத்தில் எலும்புப் பெட்டி கவுன்ட்டர் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவள்தான் எலும்பக்கா. அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது. முதலாண்டு மாணவர்களுக்குப் புத்தகம் தருவது போலவே எலும்பும் இரவல் தருகிறோம். ஒரு மரப்பெட்டி, உள்ளே ஓர் உடம்புக்குண்டான இருநூற்று ஆறு எலும்புகள், இரண்டு வாரக் கெடு. திரும்பி வரும்போது பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணி வாங்குவாள். இப்படி நாற்பத்தொரு பெட்டிகள்.

மாடி என்னுடையது. நூலக அறிவியலில் முதுகலைப் பட்டம், பதினெட்டு வருட அனுபவம், முப்பதாயிரம் மின்னிதழ்கள். எந்த நோய்க்கு யார் எங்கே என்ன ஆய்வு செய்தார்கள் என்று கேட்டால் அரை நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பேன். கேட்கத்தான் ஆளில்லை. வாராவாரம் தேடல் பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். போன வாரம் மூன்று பேர் வந்தார்கள். இருவர் ஏசிக்காக வந்தவர்கள். மூன்றாமவர், அறை மாறி வந்துவிட்டதாக மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்து போனார்.

நுழைவாயிலில் இருக்கும் கண்ணாடிப் பேழைகளும் என் கைவேலைதான். பழைய ஊசிக்குழல்கள், மெழுகில் செய்த தோல்நோய் மாதிரிகள், காது கேளாதவர்கள் அந்தக் காலத்தில் வைத்துக்கொண்ட பித்தளைக் குழாய் என்று மாதாமாதம் மாற்றி மாற்றி அடுக்குவேன். ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி ஒட்டுவேன். மாணவர்கள் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தலை வாரிக்கொள்கிறார்கள்.

எலும்பக்கா பத்தாம் வகுப்பு. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் புத்தகங்களுக்கு எண் ஒட்டும் தற்காலிக வேலைக்கு வந்தவள். கணவர் தையல் மெஷின் பழுது பார்க்கிறவர். இரண்டு பையன்களும் வேலை கிடைத்து வேறு ஊர் போய்விட்டார்கள். அவள் வந்த புதிதில் உடற்கூறியல் துறை வேறு கட்டடத்துக்கு மாறியது. போகிற போக்கில் மூன்று சாக்கு எலும்பைக் கலந்து கட்டி எங்கள் வராந்தாவில் தள்ளிவிட்டுப் போனார்கள். எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். இவள் மட்டும் ஒரு உடற்கூறியல் படப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் பிரிக்க உட்கார்ந்தாள். எழுத்துக் கூட்டிப் படித்து, படத்தோடு ஒப்பிட்டு, வலது எது இடது எது என்று தடவித் தடவி, இரண்டு வருடத்தில் பெட்டி பெட்டியாகக் கட்டி முடித்தாள். சும்மா சொல்லக்கூடாது, என்னால் அது முடியாது. முடியாது என்று தெரிந்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

தேர்வு நெருங்கினால் கீழே திருவிழாக் கூட்டம். "கண்ணை மூடு, கையை நீட்டு" என்பாள். உள்ளங்கையில் ஒரு எலும்பை வைப்பாள். மாணவர்கள் பெயரையும் பக்கத்தையும் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால், "இந்தக் கையோட ஆபரேஷன் பண்ண வந்தா நான் படுக்க மாட்டேன்டா சாமி" என்பாள். ஒரே சிரிப்பாக இருக்கும். அந்தச் சிரிப்பு படிக்கட்டு ஏறி என் மாடிக்கு வரும். ஈ ஓட்டிக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இதில் என் மகளும் சேர்ந்துகொண்டாள். இந்த வருடம்தான் எங்கள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அம்மா மாடியில் இருக்கிறாள் என்று ஏறி வந்து ஒரு வார்த்தை பேச நேரமில்லை, கீழே மணிக்கணக்காக நிற்க நேரமிருக்கிறது. வீட்டில் சாப்பாட்டு மேசையில் பெட்டியைப் பரப்பி வைத்துக்கொண்டு, "அம்மா, இங்க பாரேன். முழங்கால் சில்லை வழுவழுப்பான பக்கம் கீழே, கூர் முனை நமக்கு எதிர்ப்பக்கம் இருக்கற மாதிரி வெச்சுக் கையை எடுத்தா, வலது கால் சில்லு வலது பக்கம் சாயும், இடது இடது பக்கம். எலும்பக்காதான் காட்டினாங்க" என்றாள். "புத்தகத்திலயும் இருக்கு" என்றேன். "இருக்கலாம்" என்றாள் என் மகள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில் பழைய செய்தித்தாள் அறை வந்து நுழைந்தது. அதைக் காலி செய்து நிரந்தரக் காட்சிக்கூடம் ஆக்கலாம் என்று பத்து வருடமாக மன்றாடியவள் நான். மூன்று முறை திட்டம் எழுதிக் கொடுத்தேன். இந்த வருடம் ஒப்புதல் வந்தது. அந்தக் கூடத்துக்குப் பொறுப்பாளர் என்று என் பெயரை நானே மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். கூட்டத்தில் இயக்குநர் சொன்னார்: "கூடத்தை எலும்பக்கா பார்த்துக்கட்டும். பசங்க கூட்டம் அவங்ககிட்டதானே வருது. குறிப்பு எழுதறதுக்கு மட்டும் நீங்க கூடமாட உதவி பண்ணிடுங்க."

கூடமாட! அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளோ சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "எனக்கு என்ன சார் தெரியும், மேடம்தான் எல்லாம் சொல்லித் தரணும்" என்று என்னைக் காட்டினாள். அதையாவது சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த வாரம் அவள் கணவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை. ஒரு நாள் விடுப்பு. கவுன்ட்டரில் நான் உட்கார்ந்தேன். கூடம் திறப்பதற்கு முன் உடற்கூறியல் துறைத் தலைவர் வந்து பெட்டிகளைப் பார்வையிடுவதாக இருந்தது. பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெரிய எலும்புகளில் மட்டும்தான் பெட்டி எண் மையால் எழுதியிருக்கும், சில்லில் இருக்காது. பதினேழாம் பெட்டியிலிருந்து வலது சில்லை எடுத்தேன். இருபத்து மூன்றிலிருந்து இடது சில்லை எடுத்தேன். இடம் மாற்றி வைத்தேன். எண்ணிக்கை அப்படியே இருநூற்று ஆறு. ஒன்றில் இரண்டும் இடது, ஒன்றில் இரண்டும் வலது. ஒரு நிமிட வேலை. ருசியாக இருந்தது.

அவள் வேலைக்குத் திரும்பிய மறுநாள் துறைத் தலைவர் வந்தபோது "பதினேழு பாருங்க சார், நல்ல செட்" என்று எடுத்துக் கொடுத்தவளும் நான்தான். அவர் பொழுதுபோக்காக இரண்டு சில்லையும் மேசையில் வைத்துக் கையை எடுத்தார். இரண்டும் இடது பக்கம் சாய்ந்தன.

எலும்பக்கா எட்டிப் பார்த்தாள். தானே எடுத்து வைத்தாள். சாய்ந்தது. மறுபடி வைத்தாள். மூன்றாம் முறை வைக்கும்போது அவள் முகம் சுண்டிப் போயிருந்தது.

"என் தப்புதான் சார்."

"அட, விடுங்கம்மா. இத்தனை வருஷத்துல ஒண்ணு மாறினா என்ன?" என்று அவர் சிரித்தார்.

அவள் விடவில்லை. அன்று மாலைக்குள் நாற்பத்தொரு பெட்டிகளையும் திறந்து, இருபத்து மூன்றில் ஜோடியைக் கண்டுபிடித்துவிட்டாள். "மூணு வருஷம் முன்னாடி இந்த ரெண்டு பெட்டியையும் ஒரே நாள்ல கழுவி வெயில்ல காயவெச்சேன் மேடம். அப்பதான் மாத்தி வெச்சிருக்கேன்" என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். காலையில் கூடத்துச் சாவியை இயக்குநர் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். "கைக்கு நிதானம் போயிடுச்சு சார். மேடமே பார்க்கட்டும்." சாவி என்னிடம் வந்தது.

அதோடு நிறுத்தினாளா? இரவல் பதிவேட்டைப் பிரித்து, அந்த மூன்று வருடத்தில் பதினேழாம் பெட்டியும் இருபத்து மூன்றாம் பெட்டியும் எடுத்துப் போனவர்களைப் பட்டியல் போட்டாள். அறுபத்திரண்டு பேர். கவுன்ட்டர் தொலைபேசியிலிருந்து ஒவ்வொருவராக அழைத்தாள். "எலும்பக்கா பேசறேன். நீ எடுத்துட்டுப் போன பெட்டியில முழங்கால் சில்லு தப்பா இருந்துச்சு கண்ணு. தப்பா படிச்சிருந்தா மனசுல மாத்திக்கோ. மன்னிச்சுடு."

கேட்டவர்கள் யாரும் கோபப்படவில்லை. நலம் விசாரித்தார்கள். எலும்பு மருத்துவம் மேற்படிப்புக்குப் போன ஒருவர் அரை மணி நேரம் விடவில்லை. "நீங்க கையில வெச்ச எலும்புதான் அக்கா என்னை இந்தப் பக்கம் இழுத்துச்சு" என்றாராம். தப்புச் செய்ததாக மன்னிப்புக் கேட்டாலும் அவளுக்குத்தான் பாராட்டு! அந்தத் தப்பும் என்னுடையது. எனக்குக் காதில் புகை வந்தது.

கூடத்தை நான் திறந்தேன். அழகாகத்தான் செய்திருந்தேன். முதல் வாரம் பதினோரு பேர் வந்தார்கள். அதில் ஏழு பேர் என்னிடம் கேட்டது, "எலும்பக்கா இங்கே வர மாட்டாங்களா?"

ஒரு நாள் சாப்பிடும்போது என் மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா இப்பல்லாம் கண்ணை மூடச் சொல்றதில்லைம்மா. எலும்பை எடுத்து அவங்களே திருப்பித் திருப்பிப் பார்க்கறாங்க. எங்ககிட்ட கேக்கறாங்க, இது வலதுதானேன்னு."

நான் எழுந்து கை கழுவப் போனேன். வெகுநேரம் கழுவினேன்.

மறுநாள் காலையில் கவுன்ட்டரில் அவள் தனியாக இருந்தாள். சுற்றி வளைக்கவில்லை. "சில்லை மாத்தி வெச்சது நான்" என்றேன். "நீங்க லீவுல இருந்த அன்னிக்கு. வேணும்னே."

அவள் என்னையே பார்த்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப, நான் சரியாத்தான் வெச்சிருந்தேனா?" என்றாள்.

"சரியாத்தான் வெச்சிருந்தீங்க."

"மூணு வருஷமும்?"

"ஆமா."

அவள் தன் இரண்டு கையையும் மேசையில் விரித்து வைத்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கண்ணில் நீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். என் மேல் கோபப்படக்கூட அவளுக்கு நேரமில்லை, அத்தனை சந்தோஷம். என் வாழ்நாளில் எந்த வேலையைப் பற்றியும் நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. அந்த நேரத்திலும், என்ன ஜென்மமோ, எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்து எடுத்த முகம் வேறாக இருந்தது.

"அறுபத்திரண்டு பேருக்கு ஃபோன் பண்ணேன் மேடம்" என்றாள். பட்டியலை எடுத்து என் முன்னால் போட்டாள். தொலைபேசியை நகர்த்தினாள். "இப்ப நீங்க பண்ணுங்க."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

முதல் எண்ணை அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"சொல்லுங்கக்கா!" என்றது ஒரு குரல், வாயெல்லாம் பல்லாக. என்னிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"அக்கா இல்லைங்க. மாடியில இருக்கற நூலகர் பேசறேன்."



"அங்க மாடி இருக்கா?" என்றது குரல்.

எலும்பக்கா எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். "இருக்குங்க" என்றேன். பிறகு சொல்ல ஆரம்பித்தேன்.