செல்வி கொடுத்த சொல்

கல்லூரியில் படிக்கும் என் மகள் போனில் ஆங்கிலச் சொல் ஒன்றைப் பார்த்து, "எக்ரீஜியஸ்னா படுமோசம்னு அர்த்தமாம்மா," என்று வாசித்தாள். காய் நறுக்கிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

அந்தச் சொல்லை முதன்முதலில் கேட்டபோது நான் பாப்பிரெட்டிப்பட்டியில் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆங்கில வாத்தியார் மாற்றலாகிப் போனார். வழியனுப்பு விழாவில் ஆங்கிலத்தில் பேச என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்த வாய்ப்புக்கு ஏங்கியவள் என் உயிர்த்தோழி செல்வி. ஆனாலும் அவளே தன் அப்பாவின் பழைய அகராதியைப் புரட்டி எனக்கொரு சொல் கொண்டுவந்தாள்.

"எக்ரீஜியஸ் டீச்சர்னு சொல்லுடி. ரொம்ப ஒசந்தவருன்னு அர்த்தம்."

சாமந்தி மாலை மணக்கும் மேடையில் அதைச் சத்தமாகச் சொன்னேன். வாத்தியாரின் முகம் சுருங்கியது.

"அர்த்தம் தெரிஞ்சுதான் சொன்னியாம்மா?"

"ஒசந்தவருன்னு செல்விதாங்க சார் சொன்னா."

செல்வி எழுந்தாள். "நான் சொல்லலைங்க சார். அதுக்குப் படுமோசம்னுதானுங்க அர்த்தம்."

எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அன்று சாயங்காலம் பஸ்ஸில் செல்வி வழக்கம்போல எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். நான் வீடு வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.

இதைச் சொன்னதும் மகள் மறுபடி போனைப் பார்த்தாள். "லத்தீன்ல, மந்தையிலிருந்து தனிச்சு நிக்கிறதுன்னு அர்த்தமாம். முன்னெல்லாம் ஒசத்தியாத்தான் சொன்னாங்களாம். செல்வி ஆன்ட்டி பழைய அர்த்தத்தை நம்பிச் சொல்லியிருப்பாங்களோ?"

அப்படி இருக்கக்கூடாதா என்று ஒரு கணம் ஏங்கினேன்.

"இல்ல பாப்பா," என்றேன். "அவளுக்கு ரெண்டு அர்த்தமும் தெரிஞ்சிருந்தது."